நகராட்சி ஊழியர் மீது ஒழுங்கு நடவடிக்கை: முறை தவறினால் தண்டனை நிலைப்பதில்லை

கோப்பைக் காரணமின்றிக் கிடப்பில் போடும் எழுத்தரையும், குடிநீர் இணைப்புக்குக் கையூட்டுக் கேட்கும் ஊழியரையும் கண்டு சலித்த மக்கள், அப்படிப்பட்டவரை உடனே வீட்டுக்கு அனுப்பினால் என்ன என்று கேட்பது நியாயமே. ஆயினும், குற்றம் செய்தவர் நீதிமன்றத்தின் வழியே மீண்டும் பணிக்கு வந்து அமர்வதற்கு, விதிகளின் கண்டிப்பைவிட, அவ்விதிகளை அதிகாரிகள் அரைகுறையாகப் பின்பற்றுவதே பெரும்பாலும் காரணமாகிறது.

தமிழ்நாட்டு அரசு ஊழியர்கள் '17(அ)', '17(ஆ)' என்று குறிப்பிடுபவை, ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளின் இரு பிரிவுகளாகும். சிறு தவறுகளுக்கு உரியதான முன்னதில், எழுத்து வழி விளக்கம் பெற்று, கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம் போன்ற தண்டனைகளை விதிக்கலாம். பதவியிறக்கம், கட்டாய ஓய்வு, பணிநீக்கம் ஆகியவற்றுக்கு இட்டுச் செல்லக்கூடிய பின்னதிலோ, குற்றச்சாட்டுகளைத் திட்டவட்டமாக வரையறுத்து, ஆதார ஆவணங்களையும் சாட்சிகளின் பட்டியலையும் அளித்து, விசாரணை அலுவலர் முன்னிலையில் குறுக்கு விசாரணைக்கும் வாய்ப்புத் தர வேண்டும். விசாரணை அறிக்கையின் நகலைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்குத் தர வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 1990-இல் வலியுறுத்தியது.

அரசியலமைப்பின் 311-ஆம் பிரிவு, நியமித்த அதிகாரிக்குக் கீழ்ப்பட்டவர் பணிநீக்கம் செய்யக் கூடாது என்றும், விசாரணையின்றிப் பணிநீக்கம் செய்யலாகாது என்றும், சில விதிவிலக்குகளுடன், அரசுப் பணியாளருக்குக் காப்பளிக்கிறது. நகராட்சி ஊழியர் பொதுவாக மாநில அரசின் குடிமைப் பதவியில் இருப்பவராகக் கருதப்படாததால், இக்காப்பு அவருக்கு நேரடியாகக் கிட்டுவதில்லை. அவருக்கு அரணாக நிற்பவை, உள்ளாட்சிப் பணியாளர்களுக்கென வகுக்கப்பட்ட விதிகளும், எதிர்த்தரப்பைக் கேளாமல் தீர்ப்பளிக்கலாகாது என்னும் இயற்கை நீதிக் கோட்பாடுமே ஆகும்.

நடைமுறையில் மிகுதியாகப் பிழை நேர்வது தற்காலிகப் பணிநீக்கத்தில்தான். இது தண்டனையன்று, ஆவணங்களையும் சாட்சிகளையும் கலைத்துவிடாதபடி ஊழியரை விலக்கி வைக்கும் ஏற்பாடே ஆதலால், அக்காலத்தில் அவருக்குப் பிழைப்பூதியம் வழங்கப்படுகிறது. குற்றச்சாட்டுக் குறிப்பாணை வழங்காமல் மூன்று மாதங்களுக்கு மேல் இந்நிலையை நீட்டிக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் கூறியது. இருந்தும், ஊழியரை விலக்கி வைத்த பரபரப்பு அடங்கியதும் கோப்பு உறங்கிவிடுகிறது. சாட்சிகள் மாறுதலாகிப் போகிறார்கள். வேலை எதுவும் செய்யாதவருக்குப் பொதுப்பணம் போய்க்கொண்டிருக்கிறது. குற்றமற்றவராயின், அத்தனை காலமும் அவர் பழி சுமந்து வாழ நேர்வது மன்னிக்கத்தகாத கொடுமை.

அவசரத்தில் விதிக்கப்படும் தண்டனை நிலைப்பதில்லை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2003 ஜூலையில் அரசு ஊழியர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தின்போது, தமிழ்நாடு அரசு ஏறத்தாழ 1,70,000 பேரை ஒரேயடியாகப் பணிநீக்கம் செய்தது. அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் தீர்ப்பளித்தபோதும், மன்னிப்பும் உறுதிமொழியும் அளித்த பெரும்பாலோர் மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டனர்.

இவ்வளவு விதிகளும் நிரந்தர ஊழியருக்கே உரியவை. இன்று பல நகரங்களில் குப்பை அள்ளும் பணி ஒப்பந்த நிறுவனங்களிடம் விடப்பட்டிருக்க, அங்கு உழைக்கும் தூய்மைப் பணியாளர் இவ்விதிகளின் வரம்புக்குள் வருவதில்லை. மேற்பார்வையாளரின் வாய்மொழி ஒன்றே அவருடைய வேலையைப் பறித்துவிடக்கூடும்.