விறைப்பான ஸ்பிரிங் எதுவரை நன்மை?

சிங்கப்பூரில் 1961 முதல் 1973 வரை, அப்பர் தாம்சன் சாலையையும் பழைய அப்பர் தாம்சன் சாலையையும் இணைத்து ஆண்டுதோறும் மோட்டார்ப் பந்தயம் நடைபெற்று வந்தது. ஏறத்தாழ 4.8 கிலோமீட்டர் சுற்றளவுள்ள அப்பாதையில் ‘பாம்புகள்’ எனப் பெயர் பெற்ற வளைவுகளும் இருந்தன. அக்காலத்துப் பந்தயக் கார்களைப் பேணி வைத்திருப்போர் இன்றும் உளர். வளைவில் கார் சாயாதிருக்க விறைப்பான ஸ்பிரிங் பொருத்தலாமா என்பது அவர்களிடையே எழும் கேள்வி. பொருத்தலாம், ஆனால் எவ்வளவு என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

ஸ்பிரிங்கின் வேலை பயணிக்குச் சுகம் தருவது மட்டுமன்று. டயர் தரையை விட்டு அகலாமல் காப்பதும் ஆகும். ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு சக்கரத்தின் மேல் 250 கிலோ பாரம் இருப்பதாகக் கொள்வோம். சக்கரத்தின் இடத்தில் அளக்கையில், ஸ்பிரிங் ஒரு சென்டிமீட்டர் அமுங்க 20 கிலோ வேண்டுமானால், அப்பாரத்தால் அது 12.5 சென்டிமீட்டர் அமுங்கும். கார் நிமிடத்திற்கு ஏறக்குறைய 85 முறை ஆடும். விறைப்பை இருமடங்காக்கினால் அமுக்கம் 6.25 சென்டிமீட்டராகக் குறையும். ஆட்டமோ 120 முறையாகும். சாய்வு குறையும், உண்மை. ஆயினும் மேடுபள்ளங்களில் சக்கரம் எம்பும். எம்பிய டயருக்குப் பிடிப்பு ஏது?

கண்ணளவில் ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுத்தல் ஆகாது. சுருளின் அகலமும் சுற்றுகளும் மாறாதிருக்க, கம்பியின் தடிப்பு 10 விழுக்காடு கூடினாலே விறைப்பு 46 விழுக்காடு கூடிவிடும். சிலர் சுருளில் ஒரு சுற்றை வெட்டிவிடுவர். அதனாலும் விறைப்பு கூடும். ஆனால் கார் தாழ்ந்து, அமுங்குவதற்கு இடமின்றி அடியிலுள்ள ரப்பர்க் கட்டையில் மோதும்.

ஸ்பிரிங்கை மாற்றுவோர் அதிர்ச்சி தாங்கியையும் அதற்கேற்ப மாற்றவேண்டும். ஸ்பிரிங் வாங்கிய விசையை அடக்குவது அதுவே. 1963, 1965ஆம் ஆண்டுகளில் ஆல்பர்ட் பூன் இங்கு லோட்டஸ் 23 காரில் வென்றார். லோட்டஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்த காலின் சாப்மன், மென்மையான ஸ்பிரிங்கையும் அதை நன்கு அடக்கும் அதிர்ச்சி தாங்கியையும் விரும்பியவர் என்பது கருதத்தக்கது.

முன்பின் சமநிலையும் முக்கியம். முன்புறம் மட்டும் விறைத்தால், திருப்பினாலும் கார் வளைவின் வெளிப்புறமாக விலகி ஓடும். பின்புறம் மட்டும் விறைத்தால் வால் பக்கம் வழுக்கிச் சுழலும். ஈரச் சாலையில் இது உயிருக்கே ஆபத்து. 1964ஆம் ஆண்டுப் பந்தயம் மழையால் கைவிடப்பட்டதை நினைக்கையில், நம் நாட்டில் இது வெறும் ஏட்டுக் கணக்கன்று என்பது விளங்கும்.

ஆகவே பழைய ஸ்பிரிங்கை முதலில் அளந்து பாருங்கள். தளர்ந்திருந்தால் ஆலை அளவுக்கே புதியது பொருத்துங்கள். அதன் பின்னும் போதாதெனில், முன்னும் பின்னும் ஒத்தவாறு சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். பந்தயப் பாதைக்கு ஏற்ற விறைப்பு, வேகத்தடைகள் நிறைந்த குடியிருப்புச் சாலைக்கு ஏற்றதாகாது.