ஆவாரை நிற்கும் சரிவுகள்

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகக் காவலூர் வானாய்வகத்துக்குப் போகிறவர்களுக்கு மலையும் வானமும்தான் குறி. வழியோரச் சரளைச் சரிவில் ஆள் உயரத்தைத் தாண்டாமல் நிற்கும் செடிகளை ஏறிட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. இத்தகைய நிலத்தைத் ‘தரிசு’ என்று எழுதிவிடுகிறோம். செடிகளை மொத்தமாகப் ‘புதர்’ என்கிறோம். ஜவ்வாது மலையடிவாரத்துக்கு இதைவிடப் பெரிய அநீதி இல்லை. அந்தப் புதரில் ஒரு தொழிலின் வரலாறே இருக்கிறது.

முதலில் ஆவாரை. மழை பெய்த கையோடு கிளை நுனியெல்லாம் மஞ்சள் கொத்தாகப் பூக்கும் செடி. லின்னேயஸ் 1753-இல் இதற்குக் ‘காசியா ஆரிகுலேட்டா’ என்று பெயரிட்டார். இலைக்காம்பின் அடியில் காதுமடல் போல அகன்ற செதில்கள் இருப்பதால் அந்தப் பெயர். இன்று தாவரவியலார் ‘சென்னா ஆரிகுலேட்டா’ என்கிறார்கள். ஆங்கிலேயர் வைத்த பெயரோ ‘தோல் பதனிடுவோரின் காசியா’. ஆலங்காயத்துக்காரர்களுக்கு அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. தோல் தொழில் நடக்கும் வாணியம்பாடியும் ஆம்பூரும் பக்கத்து ஊர்கள்.

ஆவாரம்பட்டையில் துவர்ப்புச் சத்து மிகுதி. பட்டையை உரித்து, நறுக்கி, நீரில் ஊறவைத்த சாற்றில் தோலை வாரக்கணக்கில் போட்டுவைப்பார்கள். வெளிறிய மஞ்சள் நிறத்தில் மெத்தென்ற தோல் கிடைக்கும். வெயில் பட்டால் அது சிவந்துபோகும்; அதைத் தடுக்கக் கடைசியில் கடுக்காய்ச் சாறு கொடுப்பார்கள். கடுக்காயும் மலை தருவதுதான். சென்னை மாகாணத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய பதனிட்ட தோலுக்கு இந்தச் செடிதான் அடிப்படை. தேவை பெருகியபோது பட்டை போதவில்லை. தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் மரப்பட்டை வந்தது. பிறகு குரோமிய உப்பு வந்து, வாரங்களின் வேலையை ஓரிரு நாளில் முடித்தது. அந்த வேகத்துக்குப் பாலாறு கொடுத்த விலை பெரிது. வேலூர் வட்டாரத்துத் தோல் ஆலைக் கழிவு குறித்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் மைல்கற்களில் ஒன்று. பட்டைச் சாற்றுக் கழிவும் நல்ல நீரல்ல. ஆனால் அதில் குரோமியம் இல்லை.

தெலங்கானாவில் இதே செடி ‘தங்கேடு’. அந்த மாநிலத்தின் மலர் அதுதான். பத்துகம்மா விழாவில் அடுக்கும் பூக்களில் அதுவும் ஒன்று. இலங்கையில் சிங்களவர் ‘ரணவரா’ என்று சொல்லித் தேநீர் போலக் காய்ச்சிக் குடிக்கிறார்கள். நம் கொங்கு நாட்டிலும் சேலம், தருமபுரிப் பக்கத்திலும் பொங்கலுக்கு முன் வீட்டுக் கூரையில் காப்புக் கட்டும்போது வேப்பிலையோடும் சிறுபூளையோடும் ஆவாரம்பூவும் சேரும். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய பூக்களிலும் ஆவிரை, பூளை இரண்டுக்கும் இடமுண்டு. சங்கப் பாடல்களில், காதல் கைகூடாமல் பனைமடல் குதிரை ஏறியவன் சூடிக்கொண்டது ஆவிரையும் எருக்கும். ஊருக்கு வெளியே, கேட்பாரற்ற நிலத்தில் பூக்கும் பூக்களை அவனுக்குத் தேர்ந்த புலவர்களின் கண் கூர்மையானது.

இன்னொரு செடி விராலி. இலையைத் தொட்டால் பிசின் ஒட்டும். இதன் பூவைப் பார்த்தவர்களைவிட, சிறகு வைத்த காகிதம் போன்ற காயைப் பூ என்று நினைத்தவர்களே அதிகம். புதுக்கோட்டை மாவட்டத்து விராலிமலைக்கு இச்செடியால்தான் பெயர் வந்தது என்பார்கள். ஆவாரையையும் விராலியையும் ஆடு எளிதில் கடிக்காது. மண் மெலிந்து, மேய்ச்சல் மிகுந்த சரிவில் இவை இரண்டும் எஞ்சி நின்று மண்ணைப் பிடித்துக்கொள்ள அதுவே காரணம்.

ஊர்ப்பெயர்களில் ஓர் ஆபத்தும் உண்டு. ‘நிலாவாரை’ என்று நாட்டுமருந்துக் கடையில் தருவது ஆவாரையல்ல. பேதிக்குக் கொடுக்கும் வேறொரு சென்னாவின் இலை. ‘பேயாவாரை’ இன்னொன்று. மேற்கு உத்தரப் பிரதேசத்தில் ஆண்டுதோறும் குழந்தைகளைக் கொன்றுவந்த மர்ம நோய்க்கு அச்செடியின் விதையைத் தின்றதே காரணம் என்று 2007-இல் மருத்துவர்கள் எழுதினார்கள். மூன்றிலும் மஞ்சள் பூ. மூன்றின் பெயரிலும் ஆவாரை. ஆவாரம்பூத் தேநீர் பரவிவரும் இந்நாளில், பொட்டலத்தின் மேல் ஊர்ப்பெயரோடு தாவரப் பெயரையும் அச்சிடுவது கட்டாயம் வேண்டும்.

இதே சரிவுகளில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த உண்ணிச்செடியும் பரவுகிறது. அழகுக்காக வெள்ளையர் ஆட்சியில் கொண்டுவந்த செடி, இன்று காட்டையே மூடுகிறது. அதை அகற்றத்தான் வேண்டும். ஆனால் ‘புதர் அகற்றம்’ என்று ஒரே சொல்லில் வேலை தொடங்கினால், இயந்திரத்துக்கு உண்ணிச்செடியும் ஆவாரையும் ஒன்றுதான். எதை வெட்டுவது, எதை விடுவது என்று பெயர் சொல்லிக் காட்ட மலைக்கிராமத்தார் ஒருவர் அந்த இயந்திரத்துக்கு முன்னால் நடக்க வேண்டும்; அதற்கு அவருக்குக் கூலியும் தர வேண்டும்.