சொட்டை பழசு, பில் புதுசு!

நெற்குப்பையில் கல்யாணம் என்றால் வெளியூர்க் கார்கள் மொய்க்கும். ரிவர்ஸ் எடுத்த கார் ஒன்று பெரிய வீட்டு முகப்புத் தூணில் 'டமார்' என்று மோதியதாக வையுங்கள். அப்புறம்தான் வேடிக்கை!

"அண்ணே, கதவுல இருக்கிற பழைய சொட்டையையும் சேர்த்து எழுதிடவா?" என்பார் பட்டறைக்காரர். வீட்டுக்காரர் பட்டியலிலோ சிமெண்டுத் தூண் பர்மா தேக்காகிவிடும்!

சர்வேயர் சும்மா விடுவாரா? சொட்டையில் ஏறிய துரு காட்டிக் கொடுத்துவிடும். பொய் என்று தெரிந்தால் நியாயமாக வரவேண்டிய பணமும் அம்போ. மோசடி வழக்கும் வரலாம். பழைய 420, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 318 ஆகிவிட்டது. நம்பர் மாறினாலும் கம்பி அதேதான். 7 ஆண்டு வரை எண்ணலாம்.

இன்னொரு கணக்கும் உண்டு. தொடர்ந்து 5 ஆண்டு கிளெய்ம் கேட்காதவருக்கு, சொந்தக் கார் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி. சின்னச் சொட்டைக்காக ஒரு தடவை கேட்டாலும், மறு வருஷம் அது பூஜ்யம்!