ஷீட்டிலிருந்து மின்னஞ்சலுக்கு: தானாக ஓடும் தகவலை யார் கவனிப்பது?

திருவண்ணாமலைக்கு இரண்டு விதக் கூட்டம் வரும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி 14 கிலோமீட்டர் கிரிவலம் சுற்றிவிட்டு மறுநாள் பஸ் ஏறிவிடும் கூட்டம் ஒன்று. டிசம்பரில் வந்து பிப்ரவரி வரை தங்கும் வெளிநாட்டினர் இன்னொன்று. ரமணாசிரமம் இருக்கும் செங்கம் சாலைப் பக்கம் அந்த மாதங்களில் அறை கிடைப்பதே கஷ்டம். இவர்கள் துணி எடுப்பார்கள், அளவு கொடுத்துத் தைப்பார்கள், ஊருக்குத் திரும்பிய பிறகும் "அதே நிறத்தில் இன்னொன்று அனுப்ப முடியுமா?" என்று எழுதுவார்கள்.

என் மச்சானுக்கு அந்தப் பக்கம்தான் துணிக்கடை. உள்ளூர் வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப் போதும். வெளிநாட்டினர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது மின்னஞ்சல் முகவரி. ஒரு நீளக் கணக்கு நோட்டில் சேர்ந்திருந்த அந்த முகவரிகளைக் கல்லூரியில் படிக்கும் மகள் கூகுள் ஷீட்டில் ஏற்றினாள். ஆரணிப் பட்டோ புதுப் பருத்தியோ வந்தால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மடல் அனுப்ப ஒரு மின்னஞ்சல் மார்க்கெட்டிங் மென்பொருள். மாதம் ஒரு முறை ஷீட்டை இறக்கி, மென்பொருளில் புதுப் பட்டியலாக ஏற்றி அனுப்புவாள்.

வம்பு அங்கேதான் வந்தது. ஜெர்மனியிலிருந்து ஒரு பெண்மணி மடலின் அடியில் இருந்த 'அன்சப்ஸ்கிரைப்' பொத்தானை அழுத்தி விலகியிருந்தார். அந்த விலகல் பழைய பட்டியலில் மட்டும் பதிவானது. அடுத்த மாதம் புதுப் பட்டியல். அவர் பெயர் மறுபடி உள்ளே. மூன்றாவது மடலுக்கு அவர் பதில் எழுதினார்: நான் விலகிவிட்டேன், என் பேச்சுக்கு உங்கள் கடையில் மதிப்பில்லையா? பத்து வருடமாக வந்துகொண்டிருந்தவர். மச்சானுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

"மாமா, இதைத் தானாகவே நடக்கிற மாதிரி செய்ய முடியாதா?" என்று மகள் என்னிடம் கேட்டாள். முடியும். ஆனால் எதைத் தானாக ஓடவிடுகிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும்.

இந்த இணைப்புக்குப் பின்னால் இருப்பது எளிய ஏற்பாடு. ஷீட்டில் புது வரிசை சேர்ந்தால், அதை ஒரு சைகையாக எடுத்துக்கொண்டு, மென்பொருளில் அந்த முகவரியைச் சேர்க்க வேண்டும். இரண்டு மென்பொருள்கள் இப்படிப் பேசிக்கொள்ளும் வாசலுக்கு ஏ.பி.ஐ. என்று பெயர். அந்த வாசலைத் திறக்க ஒரு நீளமான ரகசியச் சாவி தருவார்கள். அது கடைப் பெட்டியின் சாவி மாதிரி; வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பக் கூடாது.

இணைக்க வழிகள் பல. இரண்டும் ஒரே நிறுவனத்தின் பொருளாக இருந்தால் வேலை குறைவு. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, இன்று தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையிலும் அலுவலகம் வைத்திருக்கும் நம் ஊர் ஜோஹோவில் ஷீட், கேம்பெய்ன்ஸ், இரண்டையும் கோக்கும் ஃப்ளோ மூன்றும் இருக்கின்றன. வேறு வேறு நிறுவனப் பொருள் என்றால் ஜேப்பியர், மேக் போன்ற இடைத்தரகர் சேவைகள் உண்டு. கொஞ்சம் நிரல் எழுதத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் கூகுளின் ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டிலேயே செய்துவிடலாம். ஆனால் அதே ஸ்கிரிப்ட்டை வைத்து மடலையும் அனுப்பிவிடலாம் என்று நினைக்க வேண்டாம்: சாதாரண ஜிமெயில் கணக்குக்கு அதில் ஒரு நாளைக்கு 100 பேர்தான் வரம்பு.

எந்த வழியானாலும் முதலில் முடிவு செய்ய வேண்டியது, எந்த இடத்தின் பேச்சு இறுதி என்பது. பெயர், ஊர், என்ன வாங்கினார் என்பதற்கு ஷீட்தான் இறுதி. மடல் வேண்டுமா வேண்டாமா என்பதற்கு மென்பொருள்தான் இறுதி. பெரும்பாலானோர் முதல் பாதையை மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். விலகியவரின் பெயர் மென்பொருளிலிருந்து ஷீட்டுக்குத் திரும்பி வரும் இரண்டாவது பாதையைப் போடுவதில்லை. என் கணிப்பில் இந்த வேலையில் பாதி மதிப்பு அந்தத் திரும்பும் பாதையில்தான் இருக்கிறது. மாதாமாதம் புதுப் பட்டியல் போடும் பழக்கத்தையும் விட வேண்டும். ஒரே பட்டியல், அதில் மின்னஞ்சல் முகவரிதான் அடையாளம். அதே முகவரி மறுபடி வந்தால் புது ஆளாகச் சேர்க்காமல் பழைய பதிவைத் திருத்தச் சொல்ல வேண்டும். ஒரே முகவரி இரண்டு இடத்தில் இரண்டு மாதிரி இருந்தால் இந்த ஏற்பாடு குழம்பலாம். ஆகவே முகவரி எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கி, முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் வெற்றிடத்தை நீக்கிவிட்டுத்தான் இணைக்க வேண்டும். ஷீட்டிலேயே லோயர், ட்ரிம் என்ற இரண்டு சூத்திரங்கள் இதற்கு இருக்கின்றன.

பெயர் விஷயம் நம் வீடுகளுக்கே உரிய தலைவலி. இந்த மென்பொருள்கள் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கும். அப்துல் ரஹ்மான் என்று ஒருவர் எழுதினால் 'அன்புள்ள அப்துல்' என்று மடல் போகும். 'அப்துல்' என்று மட்டும் அழைத்தால் அது யாருடைய அடிமை என்று சொல்லாமல் பாதியில் நின்றுபோன பெயர். இனிஷியலை முன்னால் போடுகிறவருக்கோ 'அன்புள்ள எஸ்' என்று போகும். 'அழைக்கும் பெயர்' என்று தனியாக ஒரு நெடுவரிசை வைத்து, அதைக் கையால் நிரப்பி, மடலில் அதையே இழுத்துக்கொள்வதுதான் நல்லது. தொலைபேசி எண் நெடுவரிசையையும் எழுத்து வடிவுக்கு மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் முன்னால் இருக்கும் பூஜ்ஜியத்தை ஷீட் விழுங்கிவிடும்.

தானாக ஓடும் பாதை தவறினால் சத்தம் போடாது. 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றுகள் அன்றாடக் கணக்கில் சேராமல் போயின. பரிசோதனைக் கூடங்கள் அனுப்பிய கோப்புகள் எக்செல்லின் பழைய வடிவத்துக்குள் தானாக இழுக்கப்பட்டன. அந்த வடிவம் ஒரு தாளில் 65,536 வரிசைக்கு மேல் தாங்காது. மிச்சம் விழுந்துவிட்டது. தொற்றியவர்களுக்குத் தங்கள் முடிவு தெரிந்தது. அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்க வேண்டியவர்கள் கைக்குப் பட்டியல் உரிய நேரத்தில் போகவில்லை. ஒரு நாட்டு அரசுக்கே இப்படி என்றால் செங்கம் சாலைத் துணிக்கடைக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வேண்டாதவருக்கு மடல் போவதால் வரும் நஷ்டம் ஒரு வாடிக்கையாளரோடு முடியாது. எரிச்சலில் அவர் 'ஸ்பேம்' என்று குறித்தால், அது நம் முகவரியின் பெயரைக் கெடுக்கும். அப்புறம் விரும்பிக் கேட்டவருக்கும் மடல் குப்பைப் பெட்டிக்குள் போகும். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் மொத்தமாக அனுப்புகிறவர்களிடம் கெடுபிடியாகிவிட்டன: அனுப்புகிறவர் யார் என்று நிரூபிக்கும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் ஏற்பாடுகள் வேண்டும், ஒரே தட்டலில் விலகும் வசதி வேண்டும், புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. நாளுக்கு 5,000 மடல் அனுப்புகிறவருக்குத்தான் முழுக் கண்டிப்பு என்றாலும் சிறியவர்களும் செய்துவைப்பது நல்லது.

சட்டமும் இருக்கிறது. 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதி, அங்குள்ளவர்களுக்குப் பொருள் விற்க முனையும் வெளிநாட்டு வியாபாரியையும் சேர்த்தே பேசுகிறது. நம் நாட்டின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சம்மதம் கொடுத்தது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே ஷீட்டில் 'சம்மதம் தந்த தேதி' என்று ஒரு நெடுவரிசை சேருங்கள்.

கடையை விட்டு ஒரு வார்த்தை. ஜமாஅத் அலுவலகங்களிலும் இப்போது எல்லாம் ஷீட்தான். கல்வி உதவி அறிவிப்பை மடலில் அனுப்ப இந்த இணைப்பு மிகவும் உதவும். ஆனால் ஜகாத் பெறும் குடும்பங்களின் பட்டியலையும் வரன் தேடும் பிள்ளைகளின் விவரத்தையும் அதே ஷீட்டில் வைத்துக்கொண்டு இணைக்காதீர்கள். இடைத்தரகர் சேவைக்கு அனுமதி கொடுத்த நொடியில் அது முழு ஷீட்டையும் படிக்க முடியும். மடலுக்குத் தேவையான பெயரும் முகவரியும் மட்டும் உள்ள தனிக் கோப்பை இணைத்தால் போதும்.

மச்சான் கடையில் இப்போது கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு க்யூஆர் அட்டை இருக்கிறது. வாடிக்கையாளரே படிவத்தை நிரப்புகிறார். 'மடல் அனுப்பலாம்' என்ற கட்டத்தில் டிக் போட்டால்தான் மென்பொருளுக்குப் போகும். விலகியவர் பெயர் அன்றிரவே ஷீட்டில் சிவப்பாகிவிடுகிறது. பாதை அறுந்தால் எச்சரிக்கை மகளுக்கும் அத்தாவுக்கும் சேர்ந்தே வரும்படி வைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை கடை திறந்ததும் மச்சான் ஷீட்டில் சம்மதித்தவர் எத்தனை, மென்பொருளில் எத்தனை என்று பார்த்து, பழைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு எண்களையும் பேனாவால் எழுதிவைக்கிறார்.