காஞ்சிபுரம் வட்டாரக் குறுவாய்த் தவளைகள்

குறுவாய்த் தவளைகள் என்பவை மைக்ரோஹைலிடே குடும்பத்தைச் சேர்ந்த, சிறிய தலையும் குறுகிய வாயும் கொண்ட தவளைகள் ஆகும். இவற்றுள் மைக்ரோஹைலா ஆர்னேட்டா, மைக்ரோஹைலா ரூப்ரா ஆகிய இரு இனங்கள் காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஏரிப்பாசன வயல்களிலும் பாலாற்றை ஒட்டிய மணற்பாங்கான நிலங்களிலும் காணப்படுகின்றன. இரண்டும் ஏறத்தாழ 2 முதல் 3 செ.மீ. நீளமே உள்ளவை. ஆகவே ஒன்றை மற்றொன்றாகவும், சில வேளைகளில் இரண்டையும் வயல் தவளையின் இளம் உயிரியாகவும் தவறாகக் கருதுவதுண்டு.

வேறுபடுத்தும் முறை

வயல் தவளையை எளிதில் விலக்கிவிடலாம். அதன் வாய் அகன்றது. முதுகில் மேடான வரிகள் இருக்கும். கண்ணுக்குப் பின்னால் வட்டமான செவிப்பறை தெரியும். குறுவாய்த் தவளைகளில் செவிப்பறை வெளியே தெரிவதில்லை.

மற்ற இரண்டையும் பிரித்தறிவதே கடினம். ஆர்னேட்டாவின் முதுகில், கண்களுக்கிடையே குறுகித் தொடங்கிப் பின்னோக்கி விரியும் கரும்பழுப்புக் கோலம் உண்டு. ரூப்ரா செம்பழுப்பு நிறமும் பருத்த உடலும் உடையது. மூக்கு நுனியிலிருந்து விலா வரை கரும்பட்டை ஓடும். ஆனால் நிறத்தை மட்டும் நம்புதல் கூடாது. ஆர்னேட்டாவிலும் செந்நிறச் சாயல் தோன்றும். சாராயத்தில் பாதுகாக்கப்பட்ட உடல்களில் செந்நிறம் மங்கிவிடும். உறுதியான அடையாளம் பின்னங்காலின் அடிப்பாதத்தில் உள்ளது. அங்குள்ள இரு புடைப்புகள் ஆர்னேட்டாவில் சிறியவை. ரூப்ராவிலோ அவை மண்வெட்டி அலகு போலப் பெரிதாகவும் தட்டையாகவும் இருக்கும். இவற்றைக் கொண்டே அது மணலைத் தோண்டிப் புதைந்துகொள்கிறது. முதுகுப்புறத்தை மட்டும் காட்டும் ஒளிப்படம் இதற்கு உதவாது.

தலைப்பிரட்டைகள் இரண்டிலும் கண்ணாடி போன்று ஒளி ஊடுருவும் உடல் கொண்டவை. படிக்கட்டுகளுடைய ஆழமான கோயில் குளங்களைவிட, மழைக்குப் பின் தேங்கும் ஆழமற்ற குட்டைகளிலேயே இவற்றை மிகுதியாகக் காணலாம்.

பெயர்க் குழப்பம்

ஆர்னேட்டாவை 1841இல் டுமேரில், பிப்ரோன் ஆகியோர் மலபார் கரையிலிருந்து கிடைத்த மாதிரியைக் கொண்டு விவரித்தனர். பின்னர் சீனா, தென்கிழக்காசியா வரையிலான தவளைகளுக்கும் இப்பெயரே வழங்கியது. 2005இல் மட்சுய் முதலானோர் அவற்றைத் தனி இனங்களாகப் பிரித்தனர். எனவே அதற்கு முந்தைய நூல்களில் ஆர்னேட்டா எனக் கூறப்படுவது எந்த நாட்டுத் தவளை என்று பார்த்தல் வேண்டும்.

ரூப்ராவை 1850களில் ஜெர்டன் கர்நாடிக் பகுதியிலிருந்து விவரித்தார். அன்றைய வழக்கில் கர்நாடிக் என்பது காஞ்சிபுரம் உள்ளிட்ட தமிழகச் சமவெளியையும் குறித்தது. இலங்கையில் ரூப்ரா என அழைக்கப்பட்டு வந்த தவளை, மரபணு, குரல், உடலமைப்பு ஆகியவற்றின் அடிப்படையில் 2016இல் மைக்ரோஹைலா மிகிந்தலை என்னும் தனி இனமாக அறிவிக்கப்பட்டது.