தலைக்கவசத்துக்குள் குலுங்கும் மூளை

அமெரிக்கக் கால்பந்து ஆடியவர்கள் சீக்கிரம் செத்துப்போவார்கள் என்றொரு பேச்சு அந்நாட்டில் நெடுநாளாக உண்டு. உண்மையா என்று அமெரிக்க அரசின் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனம் கணக்கெடுத்துப் பார்த்தது. 1959 முதல் 1988 வரையிலான காலத்தில் என்.எஃப்.எல். தொழில்முறைப் போட்டிகளில் குறைந்தது ஐந்து பருவங்கள் ஆடிய 3,439 பேரின் பதிவுகளைப் புரட்டினார்கள். விடை நேர்மாறாக வந்தது. பொதுவான அமெரிக்க ஆண்களின் இறப்பு விகிதப்படி அவர்களில் 625 பேர் இறந்திருக்க வேண்டும். இறந்திருந்தவர்கள் 334 பேர்தான்.

அதே 3,439 பேரின் இறப்புக் காரணங்களை 2012இல் வெளியான இன்னோர் ஆய்வு தனியே பிரித்துப் பார்த்தது. மூளை நரம்புகள் சிதையும் நோய்களால் இறந்தவர்கள் பொதுமக்களைவிட மூன்று மடங்கு. அல்சைமர், ஏ.எல்.எஸ். இரண்டிலும் நான்கு மடங்கு. உடம்பு தேறியிருக்கிறது, மூளை தேறவில்லை. இந்த ஆட்டத்தைப் பற்றிய வாதம் எல்லாமே இந்த இரண்டு கணக்குகளுக்கு நடுவில்தான் நடக்கிறது.

டெக்சாஸிலும் நியூஜெர்சியிலும் கலிஃபோர்னியாவிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு இது வீட்டுக்குள் வந்துவிட்ட விஷயம். வெள்ளிக்கிழமை இரவு ஊரே பள்ளி மைதானத்தில் கூடுகிறது; நண்பர்கள் எல்லாம் அணியில் இருக்கிறார்கள்; நானும் சேர்கிறேன் என்கிறான் பையன். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த பெற்றோருக்கு இந்த ஆட்டத்தின் விதியும் தெரியாது, ஆபத்தின் அளவும் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு மறுப்பதும், மற்ற பிள்ளைகள் ஆடவில்லையா என்று அனுப்பிவிடுவதும் இரண்டுமே அரைகுறை முடிவுகள்தான்.

பருத்த பிள்ளைக்கும் இடம் உண்டு

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். ஓட்டப் பந்தயத்திலும் டென்னிஸிலும் ஓரத்தில் நிற்கவைக்கப்படும் கனத்த உடம்புக்காரப் பையனை இந்த ஆட்டம் கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளும். முன்வரிசையில் நின்று தடுக்கும் லைன்மேனுக்குப் பருமன் வேண்டும். பந்தைப் பிடிப்பவனுக்கு வேகம் வேண்டும். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்கு யோசனை வேண்டும். பள்ளி அணிகள் பெரியவை என்பதால் பலருக்கு இடம் கிடைக்கிறது. நாடு முழுவதும் சுமார் பத்து லட்சம் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஆடுகிறார்கள். எடைப் பயிற்சி, குறுகிய பாய்ச்சல், திசை மாற்றி ஓடுதல் எல்லாம் தசைக்கும் எலும்புக்கும் நல்லவை. ஒரு குழுவில் கிடந்து பழகுவதன் அருமையையும் குறைத்துச் சொல்வதற்கில்லை.

ஆனால் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நீடித்த பயிற்சி வேண்டும் என்றால் இதைவிட நல்ல ஆட்டங்கள் இருக்கின்றன. மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும் தொழில்முறை ஆட்டத்தில் பந்து உண்மையில் நகர்வது சுமார் 11 நிமிடம். சாதாரணக் கால்பந்தில் நடுக்கள ஆட்டக்காரர் ஒரு போட்டியில் 10 முதல் 12 கிலோமீட்டர் ஓடிவிடுவார். அதோடு லைன்மேன்கள் எடையை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். தொழில்முறையில் 136 கிலோ என்பது அங்கே சாதாரணம். ரத்த அழுத்தமும் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயும் அவர்களிடம் அதிகம். ஆட்டம் நின்ற பிறகு அந்த எடையை இறக்குவது லேசில்லை.

கவசம் எதைக் காக்கிறது?

தலைக்கவசம் மண்டையோடு உடையாமல் காக்கிறது. அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. மூளை அதிர்வை, அதாவது கன்கஷனை, அதனால் முழுதாகத் தடுக்க முடியாது. மூளை மண்டைக்குள் திரவத்தில் மிதக்கிறது. ஓடுகிற பேருந்து சட்டென்று பிரேக் போட்டால் நிற்கிற பயணி முன்னால் சாய்வதைப் போல, தலை நின்ற பிறகும் மூளை நகர்கிறது. நேராக இடிப்பதைவிட தலை சட்டென்று சுழல்வது இன்னும் மோசம். மூளையின் நுண்ணிய நரம்பிழைகள் அப்போதுதான் முறுக்கி இழுக்கப்படுகின்றன. வெளியே எந்தக் கவசம் இருந்தாலும் உள்ளே நடக்கும் இந்தச் சுழற்சி அதன் கைக்கு எட்டாது. நல்ல கவசம் போட்டிருக்கிறோம் என்ற தெம்பில் தலையை முன்னே கொடுத்து இடிக்கிற பழக்கமும் ஒரு காலத்தில் வளர்ந்தது.

குத்துச்சண்டைக்காரர்களின் மூளைக் கோளாறை 1928இலேயே ஹாரிசன் மார்ட்லேண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிவிட்டார். அமெரிக்கக் கால்பந்துக்காரர்களுக்கும் அது வரும் என்று உலகம் ஒப்புக்கொள்ள இன்னும் முக்கால் நூற்றாண்டு ஆனது. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் மைக் வெப்ஸ்டர் என்.எஃப்.எல். பட்டத்துக்கான சூப்பர் பவுல் கோப்பையை நான்கு முறை வென்றவர். கடைசிக் காலத்தில் நினைவு தடுமாறி, நிலைகொள்ளாமல் அலைந்து, 2002இல் 50 வயதில் இறந்தார். நைஜீரியாவில் பிறந்த நோய்க்கூறு மருத்துவர் பென்னட் ஒமாலு அவர் மூளையை அறுத்துப் பார்த்தார். வெளித்தோற்றத்தில் குறையில்லை. நுண்ணோக்கியில் பார்த்தபோது டாவ் என்ற புரதம் ஆங்காங்கே திரண்டு கிடந்தது. 2005இல் அவர் அதை வெளியிட்டதும் என்.எஃப்.எல். நியமித்திருந்த மருத்துவர்கள் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். பிற்பாடு முன்னாள் வீரர்கள் தொடுத்த வழக்கில் அதே அமைப்பு பெருந்தொகை இழப்பீடு தர நேர்ந்தது.

சி.டி.இ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்த நோயை உயிரோடு இருப்பவரிடம் உறுதியாகக் கண்டுபிடிக்கும் சோதனை இன்னும் வரவில்லை. இறந்த பிறகு மூளையைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள்.

எண்ணிக்கையில்தான் இருக்கிறது ஆபத்து

பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆன் மெக்கீ குழுவினர் 2017இல் வெளியிட்ட ஒரு கணக்கு உலகம் சுற்றியது: தானமாக வந்த என்.எஃப்.எல். வீரர்களின் 111 மூளைகளில் 110இல் இந்த நோய். படித்ததும் திடுக்கிடும். ஆனால் நூற்றுக்கு 99 வீரர்களுக்கு நோய் என்று இதற்குப் பொருள் இல்லை. உயிரோடு இருந்தபோதே நடத்தையில் மாற்றம் கண்ட குடும்பங்கள்தான் பெரும்பாலும் மூளையைத் தானம் செய்கின்றன. எதிர்ப்பக்கம் இன்னொன்றும் உண்டு. ஃபிரேமிங்ஹாம் இதய ஆய்வில் பங்கேற்ற பொதுமக்களின் 164 மூளைகளை அதே குழு பார்த்தபோது ஒன்றில்தான் நோய் இருந்தது. அவரும் கல்லூரியில் அமெரிக்கக் கால்பந்து ஆடியவர். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் படம் தெளியும்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது வேறொரு முடிவு. 266 ஆட்டக்காரர்களின் மூளைகளை வைத்து 2019இல் வெளியான ஆய்வில், ஆடிய ஆண்டு ஒன்று கூடும்தோறும் நோய்க்கான வாய்ப்பு சுமார் 30 சதவீதம் ஏறியது. எத்தனை முறை மயங்கி விழுந்தான் என்பதைவிட எத்தனை ஆண்டுகள், எவ்வளவு வேகத்தில் இடிபட்டான் என்பதே நோயைத் தீர்மானிக்கிறது. தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டுகிற அந்தப் பெரிய மோதல் அல்ல இங்கே முதல் எதிரி. செவ்வாய்க்கிழமை மாலைப் பயிற்சியில் யாரும் கண்டுகொள்ளாத, பையனுக்கே நினைவில்லாத சின்னச் சின்ன இடிகள்தான்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளின் தலையில் படும் இடிகளைக் கருவி வைத்து எண்ணியது. ஆளைப் பிடித்துக் கீழே தள்ளும் டாக்கிள் ஆட்டத்தில் ஒரு பருவத்துக்கு ஒரு பிள்ளைக்கு நடுமதிப்பாக 378 இடிகள். இடுப்பில் தொங்கும் துணிப்பட்டையை உருவிவிட்டால் போதும் என்கிற ஃபிளாக் ஃபுட்பாலில் 8. எட்டு வயதுப் பிள்ளைக்கு டாக்கிள் எதற்கு என்ற கேள்விக்கு எனக்கு இதுவரை உருப்படியான பதில் கிடைக்கவில்லை. சின்ன வயதிலேயே பழகினால்தான் வரும் என்பார்கள், என்.எஃப்.எல். குவார்ட்டர்பேக்குகளில் புகழ்பெற்ற டாம் பிரேடியே உயர்நிலைப் பள்ளியில்தான் இந்த ஆட்டத்துக்கு வந்தார்.

மற்ற ஆட்டங்கள் சாதுவா?

சாது இல்லை. ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் 7,676 பேரை கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் வில்லி ஸ்டூவர்ட் குழு ஆராய்ந்து 2019இல் வெளியிட்டது. மூளைச் சிதைவு நோய்களால் இறப்பது அவர்களிடையே மூன்றரை மடங்கு. இதய நோயால் இறப்பது குறைவு. என்.எஃப்.எல். கணக்கின் அச்சு இங்கேயும் தெரிகிறது. பந்தைத் தலையால் முட்டுவதைச் சின்னப் பிள்ளைகளுக்கு அமெரிக்காவும் ஸ்காட்லாந்தும் தடுத்தன. ரக்பியில் கெட்டியான கவசமே கிடையாது. ஆனாலும் 2003 உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியின் ஸ்டீவ் தாம்சன், நாற்பதுகளிலேயே நினைவு மங்கி, அந்த வெற்றியே ஞாபகத்தில் இல்லை என்கிறார். கவசத்தைக் கழற்றிவிட்டால் சரியாகிவிடும் என்பாருக்கு இதுதான் பதில்.

கிரிக்கெட்டில் 2014 நவம்பரில் ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் ஃபிலிப் ஹியூஸ் கழுத்தில் பந்து பட்டு இறந்தார். 1998இல் டாக்காவில், தலைக்கவசம் இல்லாமல் பேட்ஸ்மேனுக்கு அருகே ஃபீல்டிங் நின்ற இந்திய வீரர் ராமன் லம்பா தலையில் அடிபட்டு இறந்தார். இவை அரிதான விபத்துகள். ஒவ்வொரு பந்துக்கும் தலை இடிபடுவது அந்த ஆட்டத்தின் அமைப்பில் இல்லை. நம்மூர் கபடியில் முழங்கால் தசைநார் போகிறது. பெண்கள் கால்பந்திலும் கூடைப்பந்திலும் அதே கதை. முழங்காலை அறுவை செய்து சரிப்படுத்தலாம். குத்துச்சண்டையை இந்த வரிசையில் வைத்து ஒப்பிடுவதே வீண். தலையில் அடிப்பதுதான் அங்கே வெற்றிக்கு வழி. நீச்சல், இறகுப்பந்து, ஓட்டம் ஆகியவற்றில் தோளும் காலும் வலிக்கலாம், மூளைக்கு அச்சமில்லை.

வெயிலும் நெஞ்சும்

மூளையைப் பற்றிய பேச்சில் மறந்துபோகிற ஒன்று வெப்பத் தாக்கு. பள்ளிப் பயிற்சி தொடங்குவதே ஆகஸ்ட் வாக்கில். கொளுத்தும் வெயிலில், உடம்பை மூடிய கவசங்களோடு. மினசோட்டா வைக்கிங்ஸ் அணியின் கோரி ஸ்ட்ரிங்கர் பயிற்சியில் சுருண்டு, 2001 ஆகஸ்ட் 1 அன்று 27 வயதில் இறந்தார். வெயில் நமக்குப் புதிதா என்று நம்மவர்கள் அசட்டையாக இருக்கக் கூடாது. ஏ.சி. அறையில் கோடையைக் கழித்த பையனுக்கு முதல் இரண்டு வாரம்தான் மிக ஆபத்து. பேச்சு குழறினால், தடுமாறினால், உடனே கவசத்தைக் கழற்றி ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் கழுத்துவரை இறக்க வேண்டும். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, குளிர்வித்த பிறகே ஏற்ற வேண்டும்.

2023 ஜனவரி 2ஆம் தேதி பஃபலோ பில்ஸ் அணியின் டமார் ஹாம்லின் மோதி எழுந்து, அடுத்த நொடி சரிந்தார். இதயத் துடிப்பின் ஒரு குறிப்பிட்ட கணத்தில் நெஞ்சில் அடி பட்டால் துடிப்பு தாறுமாறாகிவிடும். களத்திலேயே நெஞ்சை அழுத்தி, மின்னதிர்வு கொடுத்துக் காப்பாற்றினார்கள். அதே ஆண்டு மறுபடி ஆடினார். இந்த விபத்து பேஸ்பால் ஆடும் சிறுவர்களுக்கும் நேர்கிறது. எந்த ஆட்டமானாலும் மைதானத்தில் மின்னதிர்வு கொடுக்கும் ஏ.இ.டி. கருவி எங்கே இருக்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

விதியை மாற்றினால் உயிர் மிஞ்சும்

ஆட்டத்தின் இயல்பே அது, என்ன செய்வது என்று கைவிரிப்பவர்கள் வரலாற்றைப் பார்க்க வேண்டும். 1905இல் களச்சாவுகள் பெருகியபோது அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். மறு ஆண்டு விதிகள் மாறின, பந்தை முன்னோக்கி எறிவது அனுமதிக்கப்பட்டது. 1968இல் தலை, கழுத்துக் காயங்களால் 36 பேர் இறந்தார்கள். 1976இல் தலையால் முதலில் இடிப்பதைத் தடை செய்தார்கள். கவசங்களுக்குத் தரக்கட்டுப்பாடும் வந்தது. 1990இல் ஆட்டக் காயத்தால் நேரடியாக நேர்ந்த சாவு ஒன்றுகூட இல்லை. டார்ட்மத் கல்லூரியின் பயிற்சியாளர் பட்டி டீவன்ஸ் 2010இல் பயிற்சியில் ஆளை ஆள் டாக்கிள் செய்வதையே நிறுத்தினார். பொம்மைகளைத்தான் வீழ்த்த வேண்டும். அவர் அணி தோற்றுப்போய்விடவில்லை, 2015இல் பல்கலைக்கழக அணிகளின் ஐவி லீக் பட்டத்தைப் பகிர்ந்தது. பந்தை உதைத்துத் தொடங்கும் இடத்தை ஐவி லீக் 2016இல் ஐந்து கஜம் முன்னே நகர்த்தியதும், அந்த ஆட்டப்பகுதியில் மூளை அதிர்வு 1,000 தொடக்க உதைகளுக்கு சுமார் 11 என்பதிலிருந்து 2 ஆகக் குறைந்தது.

வீட்டில் முடிவெடுக்கும்போது

என் கருத்து இது: பதினான்கு வயதுவரை டாக்கிள் வேண்டாம். ஃபிளாக் ஃபுட்பால் ஆடட்டும். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் அதுவும் ஒரு போட்டி, பெண் பிள்ளைகளும் சேரலாம். அதன் பிறகும் பையன் ஆசைப்பட்டால் பள்ளிப் பயிற்சியாளரிடம் போய், வாரத்தில் முழு மோதல் பயிற்சி எத்தனை மணி நேரம், மருத்துவப் பயிற்சி பெற்ற அத்லெடிக் டிரெய்னர் தினமும் இருக்கிறாரா என்று கேளுங்கள். கலிஃபோர்னியாவில் வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொன்றும் 90 நிமிடம் என்று சட்டமே இருக்கிறது. பதில் சொல்லத் தடுமாறும் பயிற்சியாளரிடம் பிள்ளையை விடாதீர்கள்.

இடிபட்ட பிறகு தலைவலி, குமட்டல், வெளிச்சம் கூசுதல், பாடத்தில் கவனம் நில்லாமை, காரணமில்லாத எரிச்சல் ஏதாவது ஒன்று இருந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. வாந்தி தொடர்ந்தால், கண்மணி ஒன்று பெரிதாகத் தெரிந்தால், வலிப்பு வந்தால், எழுப்பியும் எழாவிட்டால் உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள். ஓரிரு நாள் ஓய்வுக்குப் பிறகு படிப்படியாகத்தான் திரும்ப வேண்டும். முதல் அதிர்வு ஆறுவதற்குள் இரண்டாவது பட்டால், அரிதாகவே நடந்தாலும், இளம் மூளை சட்டென்று வீங்கி உயிரையே எடுத்துவிடும்.

அணியில் இடம் போய்விடுமே என்று பிள்ளைகள் வலியை மறைப்பார்கள். சொன்னால் திட்ட மாட்டோம், ஆட்டத்தை ஒரேயடியாக நிறுத்திவிடவும் மாட்டோம் என்று முன்னதாகவே அவனிடம் சொல்லி வையுங்கள். வாஷிங்டன் மாநிலம் 2009இல் தொடங்கிவைத்த மூளை அதிர்வுச் சட்டம் 2014க்குள் 50 மாநிலங்களுக்கும் வந்துவிட்டது. மருத்துவத் தகுதியுள்ளவர் எழுத்தில் அனுமதி தராமல் அடிபட்ட மாணவனை ஏறக்குறைய எந்த மாநிலத்திலும் களத்தில் இறக்க முடியாது. பயிற்சியாளர் அவசரப்படுத்தினால் அந்தத் தாளைக் கேளுங்கள்.