யானைக்கு முதுகுத்துணி

கோடை வந்தால் வானிலை அறிக்கையில் தவறாமல் அடிபடும் பெயர் திருத்தணி. வேலூரும் அதுவும் யார் முதலில் நூறு டிகிரியைத் தாண்டுவது என்று பந்தயம் கட்டியதுபோல் இருக்கும். அந்த ஊரில், ஆடி மாதப் புழுக்கத்தில், மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து அதன் அடியில் உட்கார்ந்து கம்பளி ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்தார் என் பெரியம்மா. பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மகளும் மாப்பிள்ளையும் ஸ்காட்லாந்தில், அபர்டீனில் இருக்கிறார்கள். டிசம்பரில் ஒரு நாள் ஆபீசில் எல்லோரும் கிறிஸ்துமஸ் ஸ்வெட்டர் போட்டு வருவார்களாம். "கடையில வாங்கினது வேணாம்மா, நீ போட்டுக் குடு. ஆனா லூசா இருக்கணும். உடம்பப் பிடிச்சா அவருக்குப் பிடிக்காது" என்று போனில் உத்தரவு வந்துவிட்டது.

கிறிஸ்துமஸ் ஸ்வெட்டர் என்றால் மார்பின் குறுக்கே மானோ நட்சத்திரமோ பனிப்பூவோ வரிசை கட்டி நிற்கும் ஸ்வெட்டர். இங்கிலாந்தில் ஜம்பர் என்பார்கள். 2001ல் வந்த 'பிரிட்ஜெட் ஜோன்ஸின் டைரி' படத்தில் கதாநாயகன் பெரிய மான் முகம் போட்ட ஸ்வெட்டரில் அசட்டுத்தனமாக நிற்பானே, அதுதான். 2012 முதல் 'சேவ் த சில்ட்ரன்' அமைப்பு இதற்கென்றே ஒரு நாளை வைத்து, அதைப் போட்டுக்கொண்டு வருகிறவர்களிடம் குழந்தைகளுக்காக நிதி திரட்டுகிறது. போடுவது கேலிக்காக. பின்னுகிற வேலையில் மட்டும் கேலி கிடையாது.

திருத்தணியைச் சுற்றி நூல் தெரியாத ஊர் குறைவு. பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கம் போனால் தெருவே விசைத்தறிச் சத்தத்தில் அதிரும். எல்லை தாண்டினால் நகரி, புத்தூர். அங்கும் அதே சத்தம். ஆனால் அது நெசவு. பாவு நூல் நீளவாக்கில் விறைத்து நிற்க, ஊடை நூல் குறுக்கே போய் வரும். இரண்டும் நேர்கோடுகள். லுங்கியைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், கொடுக்காது. பனியனை இழுத்தால் கொடுக்கும். விட்டால் பழையபடி சுருங்கும். பனியன் பின்னல். அதில் நேர்கோடே இல்லை, எல்லாம் வளைவு. ஒரே நூல், ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையம், அதற்குள் அடுத்தது. இந்த வளையத்தைப் பெரியம்மா கண்ணி என்பார். இழுக்கும்போது நூல் நீள்வதில்லை, கண்ணியின் வடிவம்தான் மாறுகிறது. அகலம் கூடினால் உயரம் குறையும். பனியனில் ஒரு கண்ணி அறுந்தால் ஏணி மாதிரிக் கீழே ஓட்டை ஓடுவதும் இதனால்தான். ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தது மற்றொன்று.

கையில் இரண்டு ஊசி, ஒரு நூல். இடது ஊசியில் வரிசையாகத் தொங்கும் கண்ணி ஒன்றுக்குள் வலது ஊசியை நுழைத்து, நூலைச் சுற்றி, வெளியே இழுத்தால் புதுக் கண்ணி. பழையதை இடது ஊசியிலிருந்து நழுவவிட வேண்டும். அவ்வளவுதான் பின்னல். மீதியெல்லாம் கணக்கு.

கணக்கை முதலில் பார்த்துவிடலாம். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மாதிரித் துண்டு பின்னி, அளவுகோலை வைத்து எண்ணினார். 4 மில்லிமீட்டர் ஊசியில் 10 சென்டிமீட்டருக்குக் குறுக்கே 22 கண்ணி, மேல்நோக்கி 28 வரிசை. மாப்பிள்ளையின் மார்புச் சுற்று 102 சென்டிமீட்டர். அதே அளவில் பின்னினால் பனியன் போல் ஒட்டும். தளர்வாக இருக்க 12 முதல் 15 சென்டிமீட்டர் வரை கூட்ட வேண்டும். 14 கூட்டினால் 116. பத்துக்கு 22 வீதம், 255 கண்ணி. ஆனால் படம் ஒன்று சுற்றிவரும் ஸ்வெட்டரில் வெறும் அளவு போதாது. படம் முழு எண்ணிக்கையில் விழ வேண்டும், கடைசி மான் பாதியில் வெட்டுப்படக் கூடாது. பெரியம்மாவின் படம் இடைவெளியோடு 28 கண்ணி. ஒன்பது படத்துக்கு 252. சுற்றளவு 114.5 சென்டிமீட்டர். மூன்று கண்ணி போனால் போகட்டும் என்று அதையே வைத்துக்கொண்டார். அக்குள் வரைக்கும் 118 வரிசை. பெருக்கினால் 29,736 கண்ணிகள், அதுவும் கை, தோள், கழுத்து சேராமல்.

படம் என்றேனே, அது மான் இல்லை. "மான் எதுக்குடா, நம்ம ஊர் யானை இல்லையா?" என்றார். பெரும்பாலான முருகன் கோயில்களில் சந்நிதிக்கு எதிரே மயில் நிற்கும். திருத்தணி மலைமேல் யானை நிற்கிறது. தெய்வானையைக் கட்டிக்கொடுத்தபோது இந்திரன் மாப்பிள்ளைக்குச் சீதனமாகக் கொடுத்த ஐராவதம் அது என்று ஊரில் சொல்வார்கள். மாமியார் வீட்டிலிருந்து மாப்பிள்ளைக்கு யானை. பெரியம்மா இதை யோசித்துத்தான் செய்தாரா என்று நான் கேட்கவில்லை.

சிவப்புத் தரையில் வெள்ளை யானை. கட்டம் போட்ட கணக்கு நோட்டில் வரைந்தார். ஒரு கட்டம் ஒரு கண்ணி. கோலத்துக்குப் புள்ளி எண்ணுவது மாதிரியே. தறிக்காரர்களுக்கும் இது பழக்கமான நோட்டுத்தான். சேலைக் கரைக்கு டிசைன் வரைகிறவர் இப்படித்தான் கட்டத்தில் வரைவார். அது அட்டையில் துளையாகி ஜக்கார்டு பெட்டிக்கு ஏறும். துளை இருந்தால் அந்தப் பாவு நூல் தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. பிரான்ஸின் லியோன் நகரத்து ஜக்கார்டு என்பவர் 1804ல் கண்ட வழி. பெரியம்மாவுக்கு அட்டை கிடையாது. நோட்டும் விரலும்தான்.

முதல் மாதிரித் துண்டில் யானை பன்றிக்குட்டியாக வந்தது. நோட்டில் கட்டம் சதுரம், துணியில் கண்ணி சதுரம் இல்லை. 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி, 28 வரிசை என்றால், ஒரு கண்ணி நாலரை மில்லிமீட்டர் அகலம், மூன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் உயரம். 20 கட்ட அகலமும் 18 கட்ட உயரமுமாக வரைந்த யானை, துணியில் 9 சென்டிமீட்டர் அகலமும் ஆறரை சென்டிமீட்டர் உயரமுமாகக் குந்திவிட்டது. நோட்டில் காலை நீட்டி, 23 கட்ட உயரத்துக்கு ஒட்டகச்சாயல் அடிக்கிற ஒரு யானையை வரைந்த பிறகுதான் துணியில் யானை நிமிர்ந்தது.

அடுத்த சிக்கல்தான் இந்தக் கலையின் உயிர்நாடி. இரண்டு நிறத்தில் பின்னும்போது சிவப்பு, வெள்ளை இரண்டு நூலும் கூடவே வரும். வெள்ளைக் கண்ணி வேண்டிய இடத்தில் வெள்ளையை எடுத்துப் பின்ன வேண்டும். அதுவரை சிவப்பு சும்மா பின்னால் கிடக்கும். மறுபடி சிவப்பு வேண்டும்போது, கிடந்த இடத்திலிருந்து பின்பக்கமாக ஓடிவந்து சேரும். ஸ்வெட்டரைத் திருப்பிப் பார்த்தால் முன்பக்கப் படத்தின் நிழல்போல நூல்கள் குறுக்கே ஓடியிருக்கும். மூன்று, நான்கு கண்ணி தூரம் ஓடினால் தொல்லையில்லை. ஐந்துக்கு மேல் போனால் விரல் மாட்டும். இறுக்கி இழுத்தால் அந்த இடத்தில் துணி சுருங்கி, ஸ்வெட்டருக்கு நெகிழ்வே இல்லாமல் போகும். பின்னல் விரிந்து கொடுக்கும், ஆனால் பின்னால் ஓடுகிற நூல் நேர்கோடாயிற்றே, அது கொடுக்காது. தளர்வான ஸ்வெட்டர் வேண்டும் என்று சுற்றளவைக் கூட்டிவிட்டுப் பின்னால் நூலை இறுக்கினால் கூட்டியதெல்லாம் வீண். இதற்காகவே படம் வரும் வரிசைகளில் மட்டும் பெரியம்மா நாலரை மில்லிமீட்டர் ஊசிக்கு மாறினார்.

யானையின் வயிறு 13 கண்ணி அகலத்துக்கு ஒரே வெள்ளை. சிவப்பு நூல் பின்னால் கிட்டத்தட்ட 6 சென்டிமீட்டர் தொங்கியது. இந்த இடத்தில்தான் எனக்கு ஒன்று புரிந்தது. குளிர்நாட்டு ஸ்வெட்டர்களில் ஏன் எப்போதும் மானும் எட்டிதழ் நட்சத்திரமும்? மானுக்குக் குச்சிக் கால், கிளைக் கொம்பு. நட்சத்திரத்துக்கு நடுவே நிறம் மாறிக்கொண்டே இருக்கும். எந்த நிறமும் நீண்ட நேரம் பின்னால் காத்திருக்க வேண்டியதில்லை. பனிதான் காரணம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பாதிக் காரணம் துணியின் முதுகில் இருக்கிறது. யானை இந்தக் கலைக்குப் பொருந்தாத மிருகம்.

வயிற்றின் நடுவே சிவப்பை வெள்ளையோடு ஒருமுறை முறுக்கி மாட்டிவிடலாம். பெரியம்மா முயன்று பார்த்தார். மாட்டிய இடத்தில் சிவப்பு பொட்டுப்போல முன்னால் எட்டிப் பார்த்தது. யானைக்கு அம்மை போட்டமாதிரி இருந்தது. இரண்டு வரிசையைப் பிரித்தார். 504 கண்ணி. மறுநாள் காலை நோட்டில் யானையின் முதுகில் ஒரு துணியைப் போர்த்தி, மூன்று கண்ணிக்கு ஒன்றாகச் சிவப்புப் புள்ளி வைத்தார். கோயில் யானை என்றால் முதுகுத்துணி இருக்கத்தானே வேண்டும்? தொங்கிய நூலுக்கு வேலை கிடைத்துவிட்டது. யானைகளுக்கு நடுவே வெற்றுச் சிவப்பாகக் கிடந்த எட்டுக் கண்ணியிலும் ஒரு சின்ன நட்சத்திரம் முளைத்தது, அங்கே வெள்ளை தொங்கக் கூடாது என்பதற்காக.

இந்த ஓட்டத்தில் கவனிக்க இன்னொன்று உண்டு. இரண்டு நூலில் எது கீழிருந்து வருகிறதோ அதன் கண்ணி ஒரு மயிரிழை பெரிதாக விழும். அந்த நிறம் துணியில் தூக்கித் தெரியும். யானை வெள்ளை என்றால் வெள்ளை எப்போதும் கீழே. நடுவில் டீ குடிக்க எழுந்துபோய், திரும்பி வந்து நூலை மாற்றிப் பிடித்துவிட்டால், நான்கடி தள்ளி நின்று பார்க்கும்போது அந்த வரிசையில் யானை மங்கித் தெரியும். பெரியம்மா சிவப்பை வலக்கையிலும் வெள்ளையை இடக்கையிலும் பிடித்துக்கொண்டார். ஆடியில் வியர்த்த விரலுக்கு இரும்பு ஊசி வழுக்கியது. மூங்கில் ஊசிக்கு மாறிய பின் சரியாயிற்று.

இப்படி இரு நிற நூலை ஓடவிட்டுப் பின்னுவதற்குப் பேர் பெற்றது ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாண்ட் தீவுக்கூட்டத்தின் சின்னஞ்சிறு ஃபேர் ஐல் தீவு. ஸ்வெட்டர் முழுக்கப் பல நிறம் இருக்கும், ஒரு வரிசையில் மட்டும் இரண்டுக்கு மேல் போகாது. 1920களின் தொடக்கத்தில் வேல்ஸ் இளவரசராக இருந்த எட்டாம் எட்வர்ட் அதைப் போட்டுக்கொண்டு கோல்ஃப் ஆடப்போக, மீனவர் வீட்டு உடுப்பு மோஸ்தர் ஆயிற்று. அதைப் போட்டபடி அவர் இருக்கும் ஓவியத்தை 1925ல் லேண்டர் என்ற ஓவியர் வரைந்தார். நார்வேயின் செல்பூ ஊரில் 1857ல் மாரிட் என்ற பெண் எட்டிதழ் நட்சத்திரம் வைத்துக் கையுறை பின்னியதிலிருந்து அந்த ஊருக்கு அதுவே அடையாளம். ஆனால் கிடைத்திருப்பவற்றில் மிகப் பழைய பின்னல் துணிகள் கம்பளியும் அல்ல, குளிர்நாட்டினதும் அல்ல. எகிப்தில் கிடைத்த காலுறைகள் அவை. சுமார் 11ஆம் நூற்றாண்டு தொட்டவை. பருத்தி நூல், வெள்ளையும் அவுரி நீலமும், இதே இருநிற ஓட்டம். வெயில் நாட்டில் தொடங்கிய வேலை என்றதும் பெரியம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம்.

பருத்தியில் தொடங்கினாலும் கம்பளிக்கு இந்த வேலை நன்றாக ஒத்துவரும். ஆட்டு மயிரின் மேல் நுண்ணிய செதில்கள் இருப்பதால் பக்கத்துக் கண்ணிகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். சிறு ஏற்றத்தாழ்வுகளை அலசல் சமன்செய்துவிடும். கடையில் உல்லன் நூல் என்று விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக். அது வழவழவென்று நழுவும். பெரியம்மாவுக்கு நல்ல கம்பளியை மகளே அங்கிருந்து அனுப்பியிருந்தாள். அபர்டீன் நூல் திருத்தணி வந்து, ஸ்வெட்டராகி அபர்டீனுக்கே திரும்பிப் போகும் விசித்திரத்தை நான் சொன்னபோது அவர் காதில் வாங்கவில்லை, எண்ணிக்கொண்டிருந்தார்.

இயந்திரம் இதையெல்லாம் எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டது. 1589ல் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்ற பாதிரியார் காலுறை பின்னும் சட்டத்தைச் செய்தார். 1849ல் டவுன்செண்ட் என்பவர் தாழ்ப்பாள் போல் திறந்து மூடும் ஊசிக்குக் காப்புரிமை வாங்கினார். இன்று திருப்பூரின் வட்டப் பின்னல் இயந்திரங்களிலும் லூதியானாவின் ஸ்வெட்டர் இயந்திரங்களிலும் ஓடுவது அந்த ஊசியின் வாரிசுகள். பின்னால் தொங்கும் நூல் இயந்திரத்துக்கும் தலைவலிதான். நல்ல இயந்திரம் பின்பக்கம் இன்னொரு வரிசை ஊசியை வைத்து அதையும் பின்னிப் பூட்டிவிடும், ஸ்வெட்டர் தடிக்கும். மலிவு ஸ்வெட்டரில் அப்படியே தொங்கவிட்டிருப்பார்கள். கடையில் ஸ்வெட்டர் வாங்கப் போனால் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், விலைச்சீட்டு சொல்லாததை அது சொல்லும்.

கார்த்திகைக் கடைசியில் ஸ்வெட்டர் முடிந்தது. முடிந்ததும் போட்டுவிட முடியாது. வெதுவெதுப்பான நீரில் முக்கி, பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரம் ஒற்றி, அளவுக்கு நீவிவிட்டுப் படுக்கையாக உலர்த்த வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் முழங்கால் வரை வளர்ந்துவிடும். மாடியில் கோரைப்பாய் விரித்து, நிழலில் கிடத்தியிருந்தார் பெரியம்மா.

பக்கத்து வீட்டுத் தறிக்காரர் எட்டிப் பார்த்தார். இரண்டு விசைத்தறி வைத்திருப்பவர். யானையைப் பார்க்கவில்லை. குனிந்து ஸ்வெட்டரின் ஓரத்தைப் புரட்டி முதுகைத்தான் பார்த்தார்.

"இன்னா டீச்சர், உள்ள நூலெல்லாம் அப்படியே கீது? சேலையில புட்டா போட்டா நாங்க பின்னாடி நறுக்கிடுவோமே. கத்திரி எடுத்தா பத்து நிமிச வேலை."

"ஐயோ தம்பி, கை வைக்காத!" பெரியம்மா ஓடிவந்தார். "உன் புட்டாவுக்குப் போடுறது தனி நூலு. அத நறுக்கினாலும் கீழ பாவும் ஊடையும் துணியா நிக்கும். இதுல தனின்னு எதுவும் இல்ல. பின்னால ஓடுற சிவப்புதான் அந்தாண்ட போய்க் கண்ணியாவுது. நறுக்கினா யானையும் போச்சு, ஸ்வெட்டரும் போச்சு."

அவர் கொஞ்ச நேரம் முன்னும் பின்னும் புரட்டினார். முதுகுத்துணிப் புள்ளிகளின் பின்னால் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார், நுழையவில்லை. தும்பிக்கையின் பக்கம் ஒரு இடத்தில் நுழைந்தது.

"இங்க மட்டும் மோதிரம் மாட்டும் டீச்சர்" என்றார். "மாப்பிள்ளைய மோதிரத்தைக் கழட்டிட்டுப் போட்டுக்கச் சொல்லுங்க."